விழும்போது நிறை எங்கே போகிறது?

கீரிமலைக் கேணிக் கட்டிலிருந்து குதிக்கிற பொடியளுக்குத் தண்ணீரைத் தொடும்வரை வயிற்றுக்குள் ஒரு வெறுமை தெரியும். அந்த அரைச் செக்கனுக்கு அவர்களும் விண்வெளி வீரர்களும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள்.

விண்வெளியில் ஈர்ப்பு இல்லாததால்தான் அவர்கள் மிதக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுகிற ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில், தரையில் இருக்கிற ஈர்ப்பில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அப்படியே இருக்கிறது.

நாம் உணர்கிற பாரம் ஈர்ப்பிலிருந்து நேரே வருவதில்லை. ஈர்ப்பு உடம்பு முழுவதையும் ஒரே ஆர்முடுகலில், அதாவது வேகம் ஒரே வீதத்தில் கூடும்படி, இழுக்கிறது. தரைதான் நம்மை விழவிடாமல் தாங்குகிறது. அந்த மறுதாக்கம் உள்ளங்காலில் தொடங்கி முழங்கால், முதுகெலும்பு என்று மேலே ஏறி உடம்பை நெரிக்கும்போது நிறையை உணர்கிறோம். தாங்க ஒன்றும் இல்லையென்றால் அந்த உணர்வும் இல்லை.

கிணற்றடியிலேயே இதைப் பார்க்கலாம். ஒரு பிளாஸ்ரிக் போத்தலின் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடியைக் கழற்றிவிடுங்கள். மேலிருக்கும் நீர் கீழிருக்கும் நீரை அழுத்துவதால் ஓட்டையால் நீர் பீறிடும். இப்போது போத்தலை உயரத்திலிருந்து கைவிடுங்கள். அது விழுகிற நேரம் முழுக்க ஓட்டையால் நீர் வராது! எல்லா நீரும் ஒன்றாக விழுவதால் ஒன்றையொன்று அழுத்துவதில்லை. தொலைபேசியில் மெதுவான அசைவில் படம்பிடித்தால் தெளிவாகத் தெரியும். இன்னும் வியப்பானது, போத்தலை மேலே எறிந்தாலும் கையைவிட்ட கணத்திலேயே ஒழுகல் நின்றுவிடும். ஏறும்போதும் அதன்மேல் செயற்படுவது ஈர்ப்பு மட்டுமே.

விண்வெளி நிலையமும் இப்படித்தான் விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரு செக்கனில் அது பக்கவாட்டில் ஏறத்தாழ 7.7 கிலோமீற்றர் ஓடுகிறது; அதே செக்கனில் புவியை நோக்கி 4 மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக விழுகிறது. ஆனால் புவி உருண்டையாக இருப்பதால், அந்தத் தூரத்துக்குள் நிலமும் அதே அளவு கீழே வளைந்துவிடுகிறது. அதனால் உயரம் குறைவதில்லை. சுமார் 90 நிமிடத்தில் ஒரு சுற்று முடிகிறது.

விமானத்திலிருந்து குதிப்பவரின் கதை வேறு. முதல் சில செக்கன்களுக்குத்தான் அவருக்கு நிறையற்ற உணர்வு. வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பும் கூடி, மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றரை எட்டும்போது ஈர்ப்புக்குச் சமமாகிவிடும். பரசூட் விரியும் முன்பே, காற்றின்மேல் படுத்திருப்பதுபோலத் தன் முழு நிறையையும் அவர் உணர்கிறார்.