பைலட் ஏணி கட்டும் தம்பிகளுக்கு

போன வாரம் மறுபடியும் ஒரு கப்பல். பைலட் ஏறுவதற்காகக் கப்பலின் விலாவில் தொங்கவிடும் கயிற்றேணியின் பக்கக் கயிற்றைத் தளத்து வளையத்தில் கட்டாமல் கைப்பிடிக் கம்பியில் சுற்றி விட்டிருந்தார்கள். ஏற மாட்டேன் என்றேன். மேலே நின்ற இளம் அதிகாரி, "சார், போன போர்ட்ல இதுலதான் பைலட் ஏறினார்" என்றார். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன். (கல்யாண வீட்டில் "பைலட்டா, எந்த ஏர்லைன்ஸ்?" என்று விசாரிக்கும் மாமாக்களுக்கு: துறைமுக வாசலில் கப்பலில் ஏறி, உள்ளூர் ஆழமும் நீரோட்டமும் பார்த்து, கேப்டனுக்குச் சொல்லிச் சொல்லி உள்ளே கொண்டுவருகிற ஆள் நான். விமானம் ஓட்டத் தெரியாது.)

கப்பலில் சேரும் பையன்கள் பலர் ஒன்றை உறுதியாக நம்புகிறார்கள். பைலட் கடலில் விழுந்து சாவதெல்லாம் பாய்மரக் காலத்துச் சமாச்சாரமாம். இப்போதுதான் வேகப்படகு, ரேடார், வாக்கிடாக்கி எல்லாம் வந்துவிட்டதே, ஏணி வெறும் சம்பிரதாயம்தானே என்று நினைப்பு. அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தால் இப்படிப் பேச மாட்டார்கள்.

நியூயார்க் துறைமுகத்தின் வாசலில் சாண்டி ஹுக் என்றொரு மணல்முனை. சுற்றிலும் மணல்திட்டுகள். உள்ளூர் ஆள் இல்லாமல் நுழைவது தற்கொலை. 1836 நவம்பரில் 'பிரிஸ்டல்', 1837 ஜனவரித் தொடக்கத்தில் 'மெக்சிகோ' என்று இரண்டு கப்பல்கள் லிவர்பூலிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகளை ஏற்றிக்கொண்டு அங்கே வந்தன. பைலட் வேண்டும் என்று சைகை காட்டினார்கள். யாரும் வரவில்லை. இரண்டுமே லாங் ஐலண்ட் கரையில் மோதி நொறுங்கின. நூற்றுக்கும் மேற்பட்டோர் போனார்கள். 'மெக்சிகோ'வில் இருந்தவர்களில் பலர் கரையைப் பார்த்தபடியே குளிரில் விறைத்துச் செத்தவர்கள். ஊரே கொதித்தது. 1837 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு, நியூயார்க் பைலட்டுகளின் தனியுரிமையை உடைத்து, பக்கத்து நியூஜெர்சி பைலட்டுகளுக்கும் வழி திறந்தது.

அப்புறம் கடும் போட்டி. பைலட்டுகளின் ஸ்கூனர் என்ற பாய்மரப் படகுகளில் எது கப்பலை முதலில் எட்டுகிறதோ அதற்குத்தான் கூலி. வாசலில் காத்துக் கிடந்தவர்கள், அட்லாண்டிக்கில் நூற்றுக்கணக்கான மைல் வெளியே போய் அலைய ஆரம்பித்தார்கள். இரண்டு பாய்மரம், கூரான முகப்பு, தூரத்திலிருந்தே தெரியும்படி பாயில் பெரிய எண். வேகம்தான் சோறு என்பதால் படகு கட்டுபவர்களும் போட்டியில் இறங்கினார்கள். 1849-ல் 'மேரி டெய்லர்' என்ற பைலட் ஸ்கூனரை வடிவமைத்த ஜார்ஜ் ஸ்டீயர்ஸ்தான் பிறகு 'அமெரிக்கா' என்ற பந்தயப் படகையும் வடிவமைத்தார். 1851-ல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் அது ஜெயித்தபோது ஓட்டிப்போனவர் டிக் பிரவுன், சாண்டி ஹுக் பைலட். இன்றும் நடக்கும் அமெரிக்காஸ் கப் பாய்மரப் படகுப் பந்தயம் அங்கிருந்து வந்ததுதான். எங்கள் ஆட்களுக்கு இந்தப் பெருமையாவது இருந்துவிட்டுப் போகட்டும்.

இவ்வளவு வேகமும் கப்பலை எட்டும் வரைக்கும்தான். எட்டிய பிறகு சின்னத் துடுப்புப் படகை இறக்குவார்கள். பயிற்சிப் பையன்கள் இருவர் வலிக்க, பைலட் கப்பலின் விலாவுக்குப் போவார். அங்கே ஏணி தொங்கும். அலை படகைத் தூக்கிக் கொடுக்கும் நொடி பார்த்துக் காலை வைக்க வேண்டும். பைலட்டுகள் எல்லோரும் இப்படி ஒவ்வொரு கப்பலாக ஏறிப் போனபின், மிச்சமிருக்கும் பையன்களும் சமையல்காரரும் ஸ்கூனரை ஊர் சேர்க்க வேண்டும். 1888 மார்ச் பனிப்புயலில் பல ஸ்கூனர்கள் சிதைந்தன. 'என்சான்ட்ரஸ்' ஆட்களோடு காணாமலே போனது. 1895-ல் இரண்டு மாநிலத்தாரும் ஒரே சங்கமானார்கள், 1897-ல் நீராவிப் பைலட் கப்பல் வந்தது, ஸ்கூனர்களின் காலம் முடிந்தது.

ஏணி மட்டும் அப்படியே இருக்கிறது. அதுவும் அன்றைய கப்பலின் விலா சில மீட்டர்தான். இன்று பாரமில்லாமல் வரும் கப்பலின் விலாவை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். 9 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருந்தால் கப்பலின் சாய்வுப் படிக்கட்டையும் சேர்த்து இறக்க வேண்டும் என்று சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதியே இருக்கிறது. 2019 டிசம்பர் கடைசியில் அதே சாண்டி ஹுக் பைலட் ஒருவர், அப்படிச் சேர்த்துக் கட்டிய ஏணியில் கன்டெய்னர் கப்பல் ஏறும்போது விழுந்து இறந்தார். 2020 ஆகஸ்டில் அதே சங்கத்தில் இன்னொருவர், இந்த முறை டேங்கரில் ஏறும்போது. பாய்மரக் காலத்துச் சமாச்சாரமா தம்பி இது?

"ஏணிக்கு சர்டிபிகேட் இருக்கு சார்" என்பதும் பதிலாகாது. அது ஃபைலில் இருக்கிறது, நான் கயிற்றில் தொங்குகிறேன்.

பக்கக் கயிறுகளைத் தளத்து வளையங்களில் கட்டுங்கள். அந்தக் கயிற்றில் ஷாக்கிள் (இரும்புக் கொக்கி வளையம்) மாட்டி ஏணியை நிறுத்தினால் முழு எடையும் படிக்குக் கீழே உள்ள சிறு கட்டையில் விழும். ரோலிங் ஹிட்ச் முடிச்சு போடத் தெரியாமலா ஏபி (தேர்ந்த மாலுமி) ஆனீர்கள்? படிகள் மட்டமாக இருக்கட்டும். ஏணியை மேலே இழுக்கும் கயிறு கீழே வளைந்து தொங்கினால் எங்கள் படகில் மாட்டி ஏணியோடு ஆளையும் பிடுங்கிவிடும். சாய்வுப் படிக்கட்டின் மேடையில் திறப்பு வழியாக ஏறும் வகை என்றால், ஏணியை மேடைக்கு அடியிலேயே நிறுத்தாமல் கைப்பிடி உயரம்வரை கொண்டுபோங்கள். லைஃப்பாய் (மிதவை வளையம்), விளக்கு, ஹீவிங் லைன் (வீசும் கயிறு) பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஸ்டோரில் அல்ல. அதிகாரி நேரில் வந்து நிற்க வேண்டும். ஏபி பார்த்துக்கொள்வார் என்று டீ குடிக்கப் போகக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் கீழிருந்து பைலட் ஏற மாட்டேன் என்றால் முகம் சுளிக்காதீர்கள், ஐயா. கேப்டன் மேலிருந்து கத்துவார், கத்தட்டும். அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். கட்டி, இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டு, கப்பலை ஓட்டும் பிரிட்ஜுக்குச் சொல்லுங்கள். படகு அதுவரை ஓரமாக நிற்கும்.