ஓட்டெடுப்பில் தோற்பவர்களை எது காப்பாற்றுகிறது?

கோத்தகிரி, கூடலூர் பக்கம் தேயிலைத் தோட்ட லயன்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வயதானவர்களிடம் பேசிப் பாருங்கள், பேச்சில் நுவரெலியா, பதுளை, ஹட்டன் என்று இலங்கை ஊர்ப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். பெரும்பான்மை முறை எந்த இடத்தில் உடையும் என்பதற்கு இவர்கள் கதையைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் கணக்கு. ஒரு ஊராட்சியில் நூறு ஓட்டு இருக்கிறது. ரோடு விஷயத்தில் ஒரு அறுபது பேர் சேருகிறார்கள், தண்ணீர் விஷயத்தில் வேறு அறுபது பேர். அணிகள் இப்படி மாறிக்கொண்டே இருந்தால் இன்று தோற்றவர் நாளை ஜெயிப்பார், அந்த நம்பிக்கையில்தான் தோல்வியை ஏற்றுக்கொள்கிறார். ஆனால் சாதியோ மொழியோ மதமோ குறுக்கே கோடு போட்டு, எல்லா விஷயத்திலும் அதே அறுபது, அதே நாற்பது என்று ஆகிவிட்டால்? நாற்பது பேருக்கு நாற்பது சதவீத வெற்றி கிடைக்காது, பூஜ்யம்தான். இத்தனைக்கும் ஒரு கள்ள ஓட்டுகூட விழுந்திருக்காது.

இதைவிட மோசமான கட்டம் ஒன்று உண்டு. யார் ஓட்டுப் போடலாம் என்பதையே பெரும்பான்மை முடிவுசெய்யத் தொடங்குவது. 1947 தேர்தலில் இலங்கை மலையகத் தமிழர்கள், அதாவது தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்தவர்கள், தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடமே அந்த நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. இலங்கையிலேயே பிறந்தவர்கூட, தன் அப்பா அங்கே பிறந்தவர், அல்லது அப்பாவழித் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயன் வீட்டில் பிறந்தவரிடம் தாத்தாவின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போக? 1949-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு ஓட்டும் இல்லை என்றாகிவிட்டது.

எந்த ஒரு சமூகத்தையும் குறிவைத்துச் சட்டம் போடக் கூடாது என்று அந்த நாட்டு அரசியலமைப்பின் 29-வது பிரிவு அப்போதே சொல்லியிருந்தது. வழக்கு அப்போது இலங்கைக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1953-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லையே! வாசகத்தைப் பார்த்தார்கள், அது யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்க்கவில்லை. காகிதத்தில் எழுதிய பாதுகாப்பு தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அப்புறம் 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று முடிவாகி, தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தவர்களில் பல குடும்பங்கள் நீலகிரித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தன. தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்கள் 1968-இல் தொடங்கப்பட்டதே இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான்.

இந்தியாவில் நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தாலும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்று 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் வேலி போட்டது. அந்த வேலி கட்டாயம் வேண்டும். ஆனால் இலங்கையில் நிலைமை மாறியது நீதிமன்றத்தால் அல்ல. 1978 அரசியலமைப்பில் அதிபர் தேர்தலில் ஜெயிக்கப் பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும் என்று வந்த பிறகு, சிறு சமூகங்களின் ஓட்டையும் பெரிய கட்சிகள் தேட வேண்டியதாயிற்று. மலையகத் தலைவர் தொண்டமான் அமைச்சரவையில் இருந்தார். நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டங்கள் 1988-இலும் 2003-இலும் அதே நாடாளுமன்றத்தில் நிறைவேறின. அதற்குள் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் வந்தவர்களுக்கு இங்கே பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள்.