'ரெண்டு பக்கமும் எரியுதுண்ணே'

ஐடிஐ முடித்துவிட்டு, எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் எங்களிடம் ஹெல்பராகச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத பையன் அவன். ஒரு வீட்டில் ஓர் அறையில் மட்டும் ஃபேன், லைட் எதுவும் ஓடவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். ப்ளக் பாயின்ட்டில் டெஸ்டர் வைத்துப் பார்த்தவன் எங்கள் பக்கம் திரும்பி, "அண்ணே, ரெண்டு பக்கமும் எரியுதுண்ணே" என்றான். ஏணியில் நின்ற சீனியர், "ரெண்டு பக்கமும் எப்படிடா எரியும்? இதுகூடத் தெரியாம ரெண்டு வருஷம் என்னத்தப் படிச்ச?" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பையன் சொன்னது சரி. வழக்கமாக கரன்ட் வரும் லைன் துளையில் மட்டும்தான் டெஸ்டர் எரியும், அது திரும்பிப் போகும் நியூட்ரலில் எரியாது. ஆனால் நியூட்ரல் எங்காவது அறுந்திருந்து, அந்த அறையில் ஏதாவது ஒரு ஃபேனோ லைட்டோ சுவிட்ச் போட்டபடியே கிடந்தால், லைனில் வரும் கரன்ட் அந்த ஃபேன் வழியாக வந்து நியூட்ரல் ஒயரிலும் நிற்கும். எல்லா சுவிட்சையும் அணைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் எரிவது நின்றுவிடும். நியூட்ரலின் கறுப்பு ஒயர்தானே என்று நம்பித் தொடுகிறவர்களுக்கு ஷாக் அடிப்பது இப்படித்தான். பழுது என்ன என்பதை அவன் எங்கள் கையில் கொடுத்துவிட்டான். நாங்கள் அரை மணி நேரம் கழித்து அதையே கண்டுபிடித்தோம். யாரும் அவனிடம் போய், நீ சொன்னது சரிதான் தம்பி என்று சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவன் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான். சொன்னதைச் செய்வான், ஸ்பேனர் கேட்டால் ஸ்பேனர் எடுத்துத் தருவான். நல்ல பையன், வாயே திறப்பதில்லை என்று எங்களுக்கு அவனைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வேறு.

இரண்டு மாதம் கழித்து ஒரு த்ரீ ஃபேஸ் வீட்டில், அதாவது மூன்று லைன் வரும் வீட்டில், சப்ளையைப் பிரித்து அனுப்பும் டிபி பாக்ஸில் வேலை. மூடியை மாட்டியது அவன்தான். நாங்கள் சப்ளை கொடுத்துவிட்டு வந்த மூன்றாவது நாள் வீட்டுக்காரரிடமிருந்து போன். லைட்டெல்லாம் திடீரென்று பளிச்சென்று எரிந்ததாம், டிவி புகைந்ததாம், ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டதாம். போய்த் திறந்தால் மெயின் நியூட்ரல் ஒயர் கருகி, ஸ்க்ரூவிலிருந்து கழன்று கிடந்தது. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 240 வோல்ட், இரண்டு ஃபேஸுக்கு இடையே 415 வோல்ட். நியூட்ரல் போய்விட்டால் வீட்டிலுள்ள பொருள்கள் அந்த 415-ஐத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். லோடு குறைவாக உள்ள ஃபேஸில் வோல்டேஜ் 300-க்கு மேலும் ஏறும். பெரும்பாலான டிவிகள் அதைத் தாங்காது.

அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "மூடி போடும்போதே அந்த ஒயர் முனை கறுத்திருந்துச்சுண்ணே. பழசு, அப்படித்தான் இருக்கும்போலன்னு விட்டுட்டேன். கேட்டா திட்டுவீங்கன்னு..." என்று இழுத்தான். நஷ்டத்தில் பாதியை நாங்கள் கொடுத்தோம். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வாயை அடைத்தது நாங்கள்.

இதைச் சொன்னால் என் வயதுக்காரர்கள் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "நாங்க அடி வாங்கித்தான் கத்துக்கிட்டோம்." நானும்தான் வாங்கினேன், ஸ்க்ரூடிரைவர் பிடியால் முட்டியில். ஆனால் அன்றைய வீடு வேறு. மெயினை அணை, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள், யாரும் உன்னைக் கேட்காமல் சப்ளை கொடுக்க முடியாது என்று என் குரு சொல்லித் தந்தார். அந்த ஒரு பாடத்திலேயே பையன் உயிரோடு வீட்டுக்குப் போய்விடுவான். இன்றைக்கு மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைன் உயிரோடு இருக்கும். மெயின் போனதும் கொடுப்பதுதானே அதன் வேலையே. சில வீடுகளில் ஜெனரேட்டர், மாடியில் சோலார். பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொள்வான் என்று விடுகிற காலம் இல்லை இது. எந்த ஒயர் எங்கிருந்து வருகிறது என்று வாய் திறந்து சொல்லித் தர வேண்டும், அவனும் வாய் திறந்து கேட்க வேண்டும்.

எரிச்சலில் சொல்லும் பதில் இன்னும் ஆபத்து. கரன்ட் லீக் ஆனால் தானாக அணையும் சுவிட்ச்தான் ஆர்சிசிபி, அது அணைவதை விழுவது என்போம். "அண்ணே, கீசர் போட்டா ஆர்சிசிபி விழுதுண்ணே, ஏன்?" என்று ஒரு பையன் கேட்டதற்கு, "அதைத் தூக்கிட்டு நேரா கொடுடா, வேலைய முடி" என்று சொன்னவரை எனக்குத் தெரியும். 30 மில்லி ஆம்பியர் லீக் ஆனாலே விழுவதற்காகத்தான் அதை வீட்டில் வைக்கிறோம். கீசரின் சூடாக்கும் காயிலிலிருந்து கரன்ட் லீக் ஆகிறது, அதனால்தான் விழுகிறது. குளிக்கிற மனிதரைக் காப்பாற்றுகிற பொருளைத் தூக்கி எறியலாம் என்பது அந்தப் பையனுக்குப் பாடமாகிவிட்டது. இனி அவன் போகிற வீடெல்லாம் அதையே செய்வான்.

இப்போது நான் செய்வது ஒன்றும் பெரிய விஷயமில்லை. பதினோரு மணி டீயின்போது அன்றைக்குப் புரியாத ஒன்றைப் பையன்கள் சொல்ல வேண்டும். எனக்கே தெரியாவிட்டால், தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்ல முதலில் நாக்கு வரவில்லை, பழகிவிட்டது. ஒயரில் கை வைக்கும் முன், சப்ளை இருக்கிற இடத்தில் டெஸ்டரை ஒருமுறை பார்த்து, வேலை செய்யும் இடத்தில் பார்த்து, திரும்பவும் சப்ளை உள்ள இடத்தில் பார்க்க வேண்டும். டெஸ்டரே போயிருந்தால் செத்த ஒயர் மாதிரிதானே காட்டும்? இதை நான் செய்யும்போது அவர்கள் என்னைக் கவனிக்கலாம், தப்பு செய்தால் சொல்லலாம்.

போன மாதம் ஒரு ஹாலில் ஏணி மேல் ஏறி ஃபேன் இணைப்பைக் கழற்றப் போனேன். மெயினை அணைத்தாயிற்று. டெஸ்டரை எடுக்கப் பைக்குள் கையை விடுகிறேன், கீழே ஏணியைப் பிடித்திருந்தவன், சேர்ந்து மூன்று வாரம், "அண்ணே, இன்வெர்ட்டர் எங்க இருக்குன்னு பாத்தீங்களா?" என்றான்.

பார்க்கவில்லை. இறங்கினேன். மாடிப்படிக்குக் கீழே, துணிப் பெட்டிக்குப் பின்னால் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.