பத்மினிக்குள் ஜிப்ஸி எஞ்சின்: காரை மாற்றிக்கொள்ளும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள்

போன மாதம் மறுபடியும் ஒன்று வந்தது. 1996 பிரீமியர் பத்மினி. இரட்டை நிறப் பெயின்ட், அலாய் வீல், பானெட்டுக்குள் மாருதி ஜிப்ஸியின் 1.3 எஞ்சின். ஒரு தம்பி தன் ஸ்விஃப்டைக் கொடுத்து, மேலே பணமும் போட்டு எக்ஸ்சேஞ்சில் எடுத்திருக்கிறார். பொள்ளாச்சி ரோட்டில் முன்னால் போன மொபெட் திடீரென்று நிற்க, இவரால் நிறுத்த முடியவில்லை. மொபெட்காரருக்குக் கால் எலும்பு முறிவு. சர்வேக்குப் போனவன் நான். ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில் ஒரு எஞ்சின் எண், காரில் வேறு எண். சேதத்துக்கான கிளெய்ம் அங்கேயே நின்றுவிட்டது.

கோவையில் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருக்கிறேன். செட்டிபாளையம் டிராக்கில் ரேஸ் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே நிறைய. பழைய வண்டிக்கு வேறு எஞ்சினைப் பிசிறில்லாமல் உட்கார வைக்கும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அந்தக் கைவேலை மேல் எனக்கு மரியாதை உண்டு. வாங்குகிறவர்கள் எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தத் தம்பி என்னிடம் கேட்டது, எல்லோரும் கேட்பதுதான். "பாலிசி கொடுத்துட்டாங்களே சார், அப்புறம் எப்படி இல்லைங்கறாங்க?"

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஆன்லைனில் பாலிசி போடும்போது நீங்கள் கொடுப்பது பதிவெண். அந்த எண்ணுக்குப் பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் பாலிசியில் ஏறும்: பிரீமியர் பத்மினி, பெட்ரோல், 1089 சிசி. உங்கள் காரை யாரும் வந்து பார்க்கவில்லை. இடையில் பாலிசி விட்டுப்போயிருந்தால் போட்டோ கேட்பார்கள். அதிலும் எஞ்சின் எண்ணைத் துடைத்துப் படிக்க ஆள் வரமாட்டார். பிரீமியம் வாங்கிக்கொண்டதால் கம்பெனி உங்கள் மாற்றத்தை ஏற்றுக்கொண்டது என்று ஆகாது. அவர்கள் காப்பீடு செய்தது தாளில் இருக்கும் காரை. ரோட்டில் ஓடுவது வேறு கார். விபத்துக்குப் பிறகுதான் ஒருவர் டார்ச் அடித்து எண்ணைப் படிப்பார், அது பெரும்பாலும் என்னைப் போன்ற ஒருவர். "அஞ்சு வருஷமா இதே கம்பெனியிலதான் கட்டுறேன்" என்பதும் பதிலாகாது. அந்த ஐந்து வருடமும் எஞ்சின் மாற்றத்தைச் சொல்லாமல்தானே கட்டியிருக்கிறீர்கள்?

அடிபட்டவருக்கான தேர்டு பார்ட்டி இழப்பீட்டிலும் முக்கியமான உண்மையை மறைத்து பாலிசி எடுத்ததாகக் கம்பெனி வாதாடலாம். கம்பெனியே முதலில் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயம் சொன்னால் வீட்டுப் பத்திரம் வரை போகும்.

சட்டம் மங்கலாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கேரளாவிலிருந்து போன வழக்கில் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஞ்சின் பழுதாகி அதே வகை எஞ்சினைப் போட்டால், ஆர்.டி.ஓ. ஆபீசில் முறைப்படி எழுதிக் கொடுத்து எண்ணை ஆர்.சி.யில் ஏற்றலாம். வேறு கம்பெனி எஞ்சினுக்கு அந்த வழியை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். "அப்புறமா ஏத்திக்கலாம்" என்று விற்பவர் சொன்னால், ஏற்றிக் கொடுத்த பிறகு பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

"இது வின்டேஜ், இதுக்கு அதெல்லாம் கிடையாது" என்பதும் தவறு. 2021 விதிப்படி வின்டேஜ் என்றால் 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், பெரிய மாற்றங்கள் இல்லாமல் பழைய உருவிலேயே இருக்க வேண்டும். 1996 பத்மினிக்கு அந்த வயது 2046இல்தான் வரும். எஞ்சின் மாற்றியிருந்தால் அப்போதும் சிக்கல்தான். வின்டேஜாகப் பதிந்த காரை ஆபீசுக்குத் தினமும் ஓட்டவும் முடியாது. மற்றபடி 15 வருடம் ஆனதும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்து ஐந்து வருடமாக. 2025 ஆகஸ்டிலிருந்து 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ரூபாய். பசுமை வரி தனி. புதுப்பிக்கக் கொண்டுபோகும் அன்று எஞ்சின் எண்ணைப் பார்ப்பார்கள்.

பிரேக்கைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. பத்மினிக்குக் கம்பெனி கொடுத்தது ஏறக்குறைய 40 குதிரைத்திறன். அந்த ஜிப்ஸி எஞ்சின் 80. நான்கு சக்கரத்திலும் இருந்தது பழைய டிரம் பிரேக்தான். எஞ்சினுக்கும் பெயின்டுக்கும் செலவழித்தவர் பிரேக்கைத் தொடவே இல்லை. மொபெட்டில் போனவர் யாரோ ஒரு வீட்டின் அப்பா. தயவுசெய்து இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

பார்க்கப் போகும்போது ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவுக்குக் கீழ்ப்பகுதி, வீல் ஆர்ச், டிக்கி ஓரம் எல்லாம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி கனமாக இருக்கிறது, அடியில் துருவும் இருக்கலாம். தரைவிரிப்பைத் தூக்குங்கள். சேசிஸ் எண்ணை நீங்களே படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். விற்பவர் அனுப்பும் போட்டோ வேண்டாம். வெல்டிங் வாசனை, புதுப் பெயின்ட் வாசனை வந்தால் கேள்வி கேளுங்கள்.

இனி நீங்கள் கொடுக்கும் கார். இதை யாருமே யோசிப்பதில்லை. ஸ்விஃப்டைக் கொடுத்த அந்தத் தம்பி, பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30ஐப் பூர்த்தி செய்யாமலே கையெழுத்துப் போட்டு புரோக்கரிடம் விட்டுவிட்டார். வண்டி இன்னும் அவர் பெயரில்தான் ஓடுகிறது. அது நாளை யாரையாவது இடித்தால், பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெயர் மாறியதை அரசின் பரிவாஹன் இணையதளத்தில் உங்கள் கண்ணால் பார்க்கும்வரை எக்ஸ்சேஞ்ச் முடியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிளெய்ம் செய்யாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, காருடையது அல்ல. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கி அடுத்த காருக்குக் கொண்டுபோகலாம். 50 சதவீதம் வரை சேர்த்து வைத்ததைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

பழைய கார் மேல் ஆசை இருந்தால் தினமும் ஓட்டும் காரைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரிஜினல் எஞ்சினோடு ஒன்றைத் தேடி, இரண்டாவது காராக வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மாற்றிய காரை வாங்கிவிட்டவர்கள், இன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஆர்.சி.க்கு உரிய எஞ்சினைத் தேடிப் பொருத்தி, அதன் எண் பதிவாகும்வரை வண்டியை ரோட்டில் இறக்க வேண்டாம்.