மீன்பிடித் தடைக்காலத்தில் நாவல் முடிக்கப் போகிறவர்களுக்கு

ஜூன் 15, காலை ஏழு மணி. பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு விசைப்படகு டிரைவர் போன் செய்தார். பின்னால் ஐஸ் உடைக்கும் சத்தம். "இந்தத் தடைக்காலமும் போச்சுக்கா. ஒரு பக்கம்கூட எழுதல."

இதை அவர் சொல்லி நான் கேட்பது நான்காவது வருஷம். வலையை அறுத்து ஓர் ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, கடலுக்குள் விட்ட இரவைப் பற்றி முன்பு எட்டுப் பக்கத்தில் ஒரு கதை எழுதினார். நான்தான் தட்டச்சு செய்தேன். ஒற்றுப்பிழை மட்டும் திருத்தினேன், வேறு எதிலும் கை வைக்கத் தோன்றவில்லை. அப்படிப்பட்ட ஆள் இப்படிச் சொல்லும்போது எரிச்சல் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, நடுநடுவே புத்தக வேலை. ஒரு காலத்தில் எழுதி, நிறுத்தி, மறுபடி எழுத ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் எப்படியோ என் மேஜைக்கு வந்து சேர்கிறார்கள். ஆசிரியர், செவிலியர், வளைகுடாவிலிருந்து திரும்பியவர் என்று யாராக இருந்தாலும் பேச்சு ஒன்றுதான்: "மொத்தமா ரெண்டு மாசம் நேரம் கிடைச்சா முடிச்சிருவேன்."

ஐயா, அம்மா, அந்த இரண்டு மாசம் இந்தக் கரைக்கு வருஷா வருஷம் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கு 61 நாள் தடை. 2017-க்கு முன் 45 நாளாக இருந்தது. பதினாறு நாள் கூடியும் எனக்குத் தெரிந்த எவருக்கும் பதினாறு வரி கூடவில்லை. டிரைவரிடம் கேட்டேன், அந்த 61 நாளும் எங்கே போனது என்று. படகைக் கரையேற்றிச் சுரண்டிப் பெயின்ட் அடித்தார்கள். எஞ்சினை இறக்கி ஏற்றினார்கள். வலை வேலை இருந்தது. இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து. "மிச்ச நேரம் சும்மாதான்க்கா இருந்தேன், ஆனா எழுத வரல." வராது. காலி நேரம் என்பது காலி மனை மாதிரி. வேலி போடாவிட்டால் ஊரில் இருக்கிற ஆடெல்லாம் அங்கேதான் மேயும்.

இன்னொருவர், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர். ஓய்வுக்குப் பிறகு எழுதுவேன் என்று இருபது வருஷம் சொன்னார். ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகிறது. இதுவரை நான்கு முறை கடைக்கு வந்துவிட்டார், நான்கு முறையும் கையில் முதல் அத்தியாயம். ஒவ்வொரு முறையும் முன்னதைவிட நன்றாகத்தான் இருக்கிறது. கதாநாயகன் மட்டும் இன்னும் தங்கச்சிமடத்தில் பஸ் ஏறவில்லை.

சரி, யார்தான் எழுதுகிறார்கள்? கருவாடு வியாபாரம் செய்யும் ஓர் அம்மா போன வருஷம் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்தார். முன்பக்கம் முழுக்கக் கணக்கு. திருப்பிப் பிடித்தால் பின்னாலிருந்து கதை. சில இடங்களில் இரண்டும் மோதிக்கொள்கின்றன: 'நெத்திலி 12 கிலோ, பாக்கி 340' என்பதற்குக் கீழேயே, 'அன்றைக்கு மாமியார் அழவில்லை, உப்புச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள்' என்று ஒரு வரி. ஏலம் தொடங்கும்வரை காத்திருக்கும் இருபது நிமிஷத்தில் எழுதியதாம். மூட் வருமா என்று கேட்டேன். "ஏலக்காரன் வர்ற வரைக்கும் வேற என்ன பண்றது?" என்றார். அந்த நோட்டிலிருந்து ஒன்பது கதை தேறியது. என் ஸ்கேனரில் ஒரு வாரம் கருவாட்டு வாசம் போகவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 150 சொல் என்றால் 61 நாளில் 9,150. சுமாரான நீளத்தில் ஆறு சிறுகதை. 150 சொல் என்பது வாட்ஸாப்பில் மச்சானோடு சண்டை போடும்போது நாம் சாதாரணமாக அடிப்பதுதான்.

தினமும் முடியாதா? விட்டுவிடுங்கள். ராமேஸ்வரத்தில் விசைப்படகு தினமும் கடலுக்குப் போவதில்லை. திங்கள், புதன், சனி என்று முறை வைத்துத்தான் போகிறது. அதே மூன்று நாளை எழுத்துக்கும் வையுங்கள். நேரத்தைத் தேடாமல், ஏற்கெனவே காத்துக் கிடக்கிற இடத்தைத் தேடுங்கள்: மண்டபம் பஸ், ரேஷன் கடை வரிசை, பிள்ளை டியூஷன் முடியும் வாசல். எழுதியதை முதலிலிருந்து படிக்காதீர்கள், கடைசிப் பத்தி மட்டும் போதும். முதல் அத்தியாயத்தைத் தொடவே தொடாதீர்கள். எழுதுவது ஓடிக்கொண்டிருக்கும்போதே, வாக்கியம் பாதியில் நிற்கும்போதே நோட்டை மூடுங்கள். அடுத்த நாள் உட்கார்ந்ததும் அந்தப் பாதி வாக்கியம் கையைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். நாவல் எழுதுகிறேன் என்று டீக்கடையில் சொல்லாதீர்கள். பாராட்டு அங்கேயே கிடைத்துவிட்டால் எழுத என்ன மிச்சம் இருக்கிறது?

கை ஓயாத வேலைக்காரர்கள் போனில் பேசியே எழுதலாம். விசைப்பலகையில் இருக்கும் மைக்கை அழுத்தித் தமிழில் பேசினால் எழுத்தாகிவிடும். பிழை மலிந்துதான் வரும். அதைத் திருத்தத்தான் நான் கடை திறந்து வைத்திருக்கிறேன்.

பழைய எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாமல் நிற்பதற்குக் காரணம் சோம்பல் இல்லை, விட்ட இடம் எதுவென்றே தெரியாததுதான். உப்புக் காற்றில் நோட்டின் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுத்தாள் கழன்றிருக்கும். பென்டிரைவைச் செருகினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். அதைப் பார்த்து அழிந்துபோச்சு என்று ஒருவர் என் கண்முன்னே தூக்கிப் போடப் பார்த்தார். அழியவில்லை ஐயா, அது பாமினி என்ற பழைய எழுத்துரு. 2010-ல் தமிழக அரசே ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாறிவிட்டது, உங்கள் கோப்பு மட்டும் மாறவில்லை. எழுத்துரு மாற்றியில் போட்டால் ஐந்து நிமிஷத்தில் தமிழாகிவிடும். நோட்டாக இருந்தால் இன்றைக்கே பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வையுங்கள்.

ஒரு சாராரை மட்டும் நான் திட்ட மாட்டேன். வீட்டில் சாவு விழுந்தவர்கள், கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டுக்காரர்கள், பிள்ளை பெற்று ஆறு மாசம் ஆகாதவர்கள். நீங்கள் எழுதவில்லை என்று யாரும் உங்களைக் கேட்கக் கூடாது, நீங்களும் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டாம். தூங்குங்கள் தாயே. நோட்டு எங்கேயும் போகாது, ஈரம் படாத இடத்தில் மட்டும் வையுங்கள்.

டிரைவரிடம் இந்த மூன்று நாள் கணக்கைச் சொன்னேன். கடலுக்குப் போகாத நாளில்தான் எழுத முடியும் என்றார். போகும் நாளில், வலையை இறக்கிவிட்டு இழுக்கும்வரை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. ஐஸ் உடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. "பாட்டு கேப்போம்க்கா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. முதல் அத்தியாயத்தோடு மட்டும் வருபவர்களுக்கு மற்ற நாளும் கிடையாது.