பழைய ஹைபிரிட் கார்: பேட்டரி போனால் காரும் போச்சா?

டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிகிறது. மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு "ஹைபிரிட் பேட்டரி போச்சு" என்கிறார். செலவைக் கேட்டதும் தலை சுற்றுகிறது, ஏனென்றால் அவர் சொல்லும் தொகை கிட்டத்தட்ட காரின் இன்றைய விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று முடிவு கட்டி வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் நிறைய.

எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைபிரிட் காரில் பேட்டரி என்பது தேய்ந்தால் மாற்றக்கூடிய ஒரு பாகம், டயர் மாதிரி, கொஞ்சம் விலை கூடின டயர். காரை வைத்துக்கொள்வதா விற்பதா என்பதை பேட்டரியைவிட அதைச் சுற்றியிருக்கும் மற்ற பாகங்கள்தான் முடிவு செய்யவேண்டும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று ஓரளவு தெரிந்திருந்தால்தான் மெக்கானிக் சொல்வதை நம்பலாமா, இன்னொரு இடத்தில் காட்டலாமா என்பதே புரியும், அதனால் முதலில் அங்கே போவோம்.

இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸை எடுத்துக்கொள்கிறேன், 2003இல் வந்தது. பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் 28 மாட்யூல்கள் அலமாரியில் புத்தகம் அடுக்கியதுபோல நெருக்கமாக நிற்கும். ஒவ்வொன்றும் சுமார் ஒரு கிலோ எடை. ஒவ்வொன்றுக்குள்ளும் 1.2 வோல்ட் செல்கள் ஆறு. ஆக 168 செல்கள், 201.6 வோல்ட். எல்லாச் செல்களும் ஒன்றன் பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் இருக்கின்றன, ஒரு செல் வழியாகப் போகும் மின்னோட்டம் மீதி 167 செல்கள் வழியாகவும் போயே ஆகவேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் எல்லாத் தொல்லைக்கும் காரணம் இதுதான்.

பேட்டரி என்று சொன்னாலும் கொள்ளளவு ரொம்பச் சின்னது, சுமார் 1.3 கிலோவாட் மணி. முழு மின்சாரக் காரின் பேட்டரி இதைப்போல முப்பது நாற்பது மடங்கு இருக்கும். அந்தச் சின்ன அளவையும் கார் முழுசாகப் பயன்படுத்துவதில்லை. கம்ப்யூட்டர் அதை ஏறக்குறைய 40 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவிலேயே வைத்துக்கொள்கிறது. முழுசாகக் காலி செய்து முழுசாக நிரப்பினால் சில ஆயிரம் தடவைக்குள் களைத்துவிடும் செல், இப்படி மேலோட்டமாகப் போட்டு எடுத்தால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் தாங்குகிறது. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடின பழைய ஹைபிரிட்கள் இன்னும் தெருவில் இருப்பதன் ரகசியம் இந்தக் கஞ்சத்தனம்தான்.

சரி, அப்படியிருந்தும் ஏன் போகிறது? இது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. ஒரு பக்கம் நிக்கல் ஹைட்ராக்சைடு, இன்னொரு பக்கம் ஹைட்ரஜனை ஸ்பாஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொள்ளும் உலோகக் கலவை, நடுவில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறிய தடுப்புத் துணி. ஹைட்ரஜன் உள்ளே போகும்போது அந்தக் கலவை உப்பும், வெளியே வரும்போது சுருங்கும். வருஷக்கணக்கில் உப்பிச் சுருங்கி அதன் துகள்கள் வெடித்துப் பொடியாகின்றன. புதிதாகத் திறந்த பரப்பை கரைசல் அரிக்கிறது, அந்த அரிப்பு தண்ணீரைக் குடிக்கிறது. கூடுதலாகச் சார்ஜ் ஏறிச் சூடானால் வால்வு வழியாகக் கொஞ்சம் வாயு வெளியேறும், அதுவும் போன தண்ணீர்தான். கடைசியில் நடுவில் இருக்கும் துணி காய்ந்து, செல்லின் உள் மின்தடை ஏறுகிறது.

உள் தடை ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. மேட்டில் அழுத்தி ஓட்டும்போது இந்தப் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியர் வரை வரும். ஒரு மாட்யூலின் தடை வெறும் 0.01 ஓம் கூடினால் போதும், 100 ஆம்பியரில் அது ஒரு வோல்ட்டைத் தின்றுவிடும், அந்த இடத்திலேயே 100 வாட் சூடும் உண்டாகும். சூடு அரிப்பை இன்னும் விரட்டுகிறது, அரிப்பு தடையை இன்னும் ஏற்றுகிறது. தன்னைத் தானே தின்னும் வட்டம் இது. அடுக்கின் நடுவில் இருக்கும் மாட்யூல்கள் இரு பக்கமும் சூடான அண்டை வீட்டுக்காரர்களோடு இருப்பதால் பொதுவாக அவைதான் அதிகம் சூடாகும்.

இப்போது தொடர் இணைப்புக்கு வாருங்கள். பலவீனமான ஒரு செல் மற்றவற்றுக்கு முன்பே காலியாகிவிடும். அப்போதும் மின்னோட்டம் அதன் வழியாகத்தான் போகவேண்டும் என்பதால் அது தலைகீழாகச் சார்ஜ் ஆகத் தொடங்குகிறது, அதோடு அதன் கதை முடிந்தது. சார்ஜ் ஏறும்போதும் அதே செல்தான் முதலில் நிரம்பிச் சூடாகும். கம்ப்யூட்டர் பாவம், ஒரு செல்லுக்காக மொத்தப் பேட்டரியையும் சீக்கிரம் நிறுத்திவிடுகிறது.

ஓட்டுபவருக்கு இது எப்படித் தெரியும்? திரையில் பேட்டரிக் கோடுகளைப் பாருங்கள். நல்ல பேட்டரியில் அவை சோம்பேறித்தனமாக ஏறி இறங்கும். கெட்டுக்கொண்டிருக்கும் பேட்டரியில் ஒரு இறக்கத்தில் மளமளவென்று எல்லாக் கோடும் பச்சையாகிவிடும், அடுத்த சிக்னலில் இரண்டு நிமிஷம் நின்றால் இரண்டே கோடு மிச்சமிருக்கும். பேட்டரி ஃபேன் பின்னால் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். நிற்கும்போது அணைய வேண்டிய எஞ்சின் அணையாது, மைலேஜ் இறங்கும். எச்சரிக்கை விளக்கு இதற்கெல்லாம் பல மாதம் கழித்துத்தான் வரும்.

விளக்கு வந்தபின் ஸ்கேனரில் பி0ஏ80 என்ற பழுதுக் குறியீடு வந்தால், பேட்டரியை மாற்று என்று கார் சொல்கிறது. ஆனால் அந்தக் குறியீட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் பிளாக் வோல்டேஜைக் காட்டச் சொல்லுங்கள். 28 மாட்யூலையும் இரண்டிரண்டாகச் சேர்த்து 14 பிளாக்காக கம்ப்யூட்டர் தனித்தனியாக அளக்கிறது. காரை நிறுத்தி வைத்துப் பார்த்தால் பதினாலும் ஒரே மாதிரி நல்ல பிள்ளையாக நிற்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஓட்டிக்கொண்டே, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பார்க்கவேண்டும். எல்லாம் சேர்ந்து இறங்கிச் சேர்ந்து ஏறினால் பேட்டரி வயசானாலும் ஒற்றுமையாக இருக்கிறது என்று அர்த்தம். பதின்மூன்று பிளாக் ஒரு அளவிலும் ஒன்று மட்டும் ஏறக்குறைய 1.2 வோல்ட் கீழேயும் இருந்தால்? ஒரு செல்லின் வோல்டேஜ் எவ்வளவு என்று மேலே சொன்னேனே, அந்தப் பிளாக்கின் 12 செல்களில் ஒன்று செத்துவிட்டது. எனக்கு இந்த எண் ரொம்பப் பிடிக்கும், பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருக்கும் 168இல் ஒன்றைத் தொட்டுக் காட்டுகிறது.

பேட்டரி போகாமலே போனமாதிரி நடிக்கும் கேஸ்களும் உண்டு. பின் சீட்டின் பக்கவாட்டில் ஒரு சின்னச் சல்லடை இருக்கும், பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. அதன்மேல் பையை வைத்துவிடுவார்கள், நாய்முடி அடைத்துக்கொள்ளும். ஃபேனைக் கழற்றிப் பார்த்தால் இறக்கைகளில் கம்பளி போட்டது போல தூசி அப்பியிருக்கும். இன்னொன்று, மாட்யூல்களை இணைக்கும் செப்புத் தகடுகள். கசிந்த கரைசல் பட்டு அவை பச்சைப் பாசி பூத்துக் கிடக்கும், அந்தப் பாசியின் தடையும் செல்லின் தடையாகத்தான் அளவில் தெரியும். அப்புறம் அந்தச் சாதாரண 12 வோல்ட் பேட்டரி: அது எஞ்சினைச் சுற்றுவதில்லை, கம்ப்யூட்டர்களை எழுப்பி விடுவதோடு சரி. அது நலிந்தால் டேஷ்போர்டில் சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் தீபாவளி போல எரியும். சில நூறு கிராம் தூசிக்காகவோ ஒரு சின்னப் பேட்டரிக்காகவோ காரை விற்றவர் நீங்களாக இருக்கவேண்டாம்.

(ஒரு விஷயம்: ஆரஞ்சு நிற கேபிள் எதையும் நீங்களாகத் தொடாதீர்கள். 200 வோல்ட் நேர்மின்சாரம் ஆளைக் கொல்லும். பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றின பிறகும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரின் கெபாசிட்டர்களில் மின்சாரம் சில நிமிஷம் தங்கியிருக்கும்.)

நிஜமாகவே ஒரு மாட்யூல் செத்திருந்தால் அதை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொல்வார். மலிவு, ஒரே நாளில் முடிந்துவிடும், விளக்கும் அணையும். ஆனால் பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். மீதி 27 மாட்யூலும் அதே நாளில் பிறந்து அதே வெயிலில் வெந்தவை. அடுத்தது எப்போது என்பதுதான் கேள்வி, அது சில மாதத்திலேயே வரலாம். புதிதாக வைத்த மாட்யூலின் கொள்ளளவு மற்றவற்றோடு பொருந்தாவிட்டால் சங்கிலியின் ஒற்றுமை இன்னும் கெடும். நான் ஒற்றை மாட்யூல் வேலையை காலம் வாங்குவதாக மட்டும்தான் பார்க்கிறேன். இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்துக்கொள்ள எண்ணம் இருந்தால் முழுப் பேட்டரியும் புதிய செல்லோடு இருக்கட்டும். லித்தியம் அயனி பேட்டரி உள்ள ஹைபிரிட்களில் ரசாயனம் வேறு, ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் நாளாக ஆக வயசு ஏறும், ஆனால் தொடர் இணைப்பின் நியாயம் அங்கேயும் அதேதான்.

இனி காரின் மற்ற பாகங்கள். கியர்பாக்ஸைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் உண்டு, அநியாயம். பிரியஸில் இருப்பது ஒரு கோள்பல்சக்கரத் தொகுதி: நடுவில் 30 பல் உள்ள சூரியச் சக்கரம், வெளியே 78 பல் உள்ள வளையம், இடையில் சுழலும் சிறு சக்கரங்களை எஞ்சின் சுற்றுகிறது. எஞ்சினின் திருப்புவிசை 78க்கு 30 என்று பிரிந்து 72 சதவீதம் வளையம் வழியாகச் சக்கரங்களுக்கும் மீதி ஜெனரேட்டருக்கும் போகிறது. பற்கள் எப்போதும் கோர்த்தே இருக்கின்றன, மாறி மாறிப் பிடிக்கவும் விடவும் கிளட்ச் இல்லை, தேய ஒன்றும் பெரிதாக இல்லை. தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் கிடையாது, அந்த ஜெனரேட்டரே எஞ்சினைச் சுற்றிவிடும். மோட்டாரே பாதி பிரேக் பிடிப்பதால் பிரேக் பேடும் வருஷக்கணக்கில் வரும்.

பயப்படவேண்டிய இடம் பழைய பாட்டு, பெட்ரோல் எஞ்சின். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில விநாடி கார் உலுக்கித் தள்ளுகிறதா, எங்கேயும் கசிவு இல்லாமல் கூலன்ட் மட்டும் குறைகிறதா? எஞ்சின் தலைக்கும் சிலிண்டர் பகுதிக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய், ராத்திரியில் கூலன்ட் சிலிண்டருக்குள் சொட்டுகிறது என்று சந்தேகப்படலாம். மூன்றாம் தலைமுறை பிரியஸில் இது அதிகம் பேசப்பட்ட கோளாறு. புகையை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் குழாயும் கூலரும் கரி அடைத்துக்கொள்வதை அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். கூடவே இன்வெர்ட்டரைக் குளிர்விக்கும் பம்ப், பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் ஆக்சுவேட்டர், அடிப்பக்கத் துரு, எண்ணெய் குடிக்கிறதா என்று எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரிக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது காசுக் கணக்கு. நீங்கள் அந்தக் காரை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதை மறந்துவிடுங்கள், அது போன காசு. புதுக் கார் ஒன்றின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கார் கெட்ட பேட்டரியோடு இன்று 12க்குப் போகும், பேட்டரி மாற்ற 10 ஆகும், மூன்று வருஷம் ஓட்டி 8க்கு விற்கலாம் என்று வையுங்கள். மூன்று வருஷத்துக்கான உண்மைச் செலவு 12 + 10 - 8 = 14. அந்த 12ஐ ஏன் சேர்த்தேன் என்றால், இன்றைக்கு விற்காமல் வைத்துக்கொள்வதும் அந்தக் காசைச் செலவழிப்பதுதான். புதுக் கார் வாங்கினால் மூன்று வருஷத்தில் அது 65க்கு இறங்குகிறது என்றால் செலவு 35. நடுவில் இன்னொரு 10க்குப் பழுது வந்தாலும் பழைய காரில் 24தான். 12 மதிப்புள்ள காருக்கு 10 செலவா என்ற சுண்டைக்காய்க் கணக்கு எங்கே தப்புகிறது என்று தெரிகிறதா? பழுதுச் செலவைக் காரின் விலையோடு ஒப்பிடுகிறது, அதற்குப் பதிலாக வாங்கப்போகும் காரின் செலவோடு ஒப்பிடவேண்டும்.

ஆனால் மாற்றாக வாங்குவது 50க்கு ஒரு பழைய கார், மூன்று வருஷத்தில் 32 ஆகும் என்றால் செலவு 18. இப்போது 14க்கும் 18க்கும் வித்தியாசம் குறைவு, உங்கள் காரில் இன்னொரு பெரிய பழுது வந்தால் தராசு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அந்தப் பழைய காரின் பழுது எதுவும் இந்த 18இல் இல்லை என்பதையும் பாருங்கள். தெரிந்த பேய் தேவலை என்று நான் கொஞ்சம் என் கார் பக்கம் சாய்வேன். பேட்டரியோடு ஹெட் கேஸ்கெட்டும் சேர்ந்து 25 கேட்டால் கணக்கு 29 ஆகிவிடும், அப்போது நான் இழுத்துப் பிடிக்க மாட்டேன்.

விற்பதென்று முடிவானால் யாருக்கு விற்கிறோம் என்பதில்தான் காசு இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் எடுக்கிற வியாபாரி முழுப் பேட்டரிச் செலவையும் கழித்து, ரிஸ்க் என்று அதற்கு மேலும் கழிப்பார். ஹைபிரிட் வேலை மட்டுமே செய்கிற ஒரு மெக்கானிக் வேறு யாருக்கும் கூலி கொடுக்க வேண்டியதில்லை, பழைய பேட்டரியில் நல்ல மாட்யூல்களைப் பொறுக்கி எடுத்துக்கொள்வார், அவருக்கு அதே பழுது பாதிச் செலவு, அதனால் கூட்டிக் கொடுக்க முடியும். 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டு விற்கும் வித்தையை அவரிடம் காட்டாதீர்கள். குறியீட்டை அழித்தால் காரின் சுயபரிசோதனைகளும் முடியாதவையாகத் திரும்பிவிடும், அது ஸ்கேனரில் அப்படியே தெரியும், விலை இன்னும் இறங்கும். பதினாலு பிளாக்கின் அளவையும் அச்செடுத்துக் கையில் கொடுங்கள், எது செத்தது என்று அவரே பார்த்து விலை சொல்லட்டும்.