பார்ட் டைம் சரி, எந்தெந்தக் கிழமை?

குழந்தைக்கு ஒரு வயது தாண்டியதும், மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதும், பையன் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் பெண்கள் முதலாளியிடம் போய்க் கேட்பது ஒன்றுதான்: “பாதி வேலை கொடுங்க சார், பாதிச் சம்பளம் போதும்.” நல்ல மனுஷனாக இருந்தால் சரி என்பார். வாரம் 24 மணி நேரம், இவ்வளவு சம்பளம் என்று ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். அந்த 24 மணி நேரம் எந்தக் கிழமைகளில் என்பதை மட்டும் “பாத்துக்கலாம்” என்று விட்டுவிடுவார்கள்.

தாம்பரம் பக்கத்தில் பதினேழு வருடமாகச் சின்னக் கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறேன். அந்தப் “பாத்துக்கலாம்” எங்கே போய்க் கடிக்கும் என்பதை நான் கற்றுக்கொண்டது என் தவறால்தான்.

பதினாலு பேர் வேலை பார்க்கும் ஒரு ஜவுளிக் கடை. பில் போடும் பெண் வாரம் மூன்று நாள் முழுசாக வருகிறேன் என்றாள். திங்கள், புதன், வெள்ளி. தினம் 700 ரூபாய், வந்த நாளுக்குச் சம்பளம். சராசரியாக மாதம் 13 நாள், 9,100 ரூபாய். தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ.யில் அவள் பங்கு 0.75 சதவீதம், கடையின் பங்கு 3.25 சதவீதம், மாதம் தவறாமல் கட்டினோம். ஜனவரியில் அவளுக்குக் குடல்வால் ஆபரேஷன். சிகிச்சைக்கு ஒரு பைசா செலவில்லை. டாக்டர் 21 நாள் ஓய்வு எழுதிக் கொடுத்தார். அந்த நாட்களுக்கு வரவேண்டிய பணம்தான் வரவில்லை.

காரணம் இதுதான். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பிடித்த சந்தாவை வைத்துத்தான் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கான நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான சந்தாவுக்கு ஜூலை முதல் டிசம்பர். அந்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாள் சம்பளம் வாங்கியிருக்க வேண்டும். வாரம் மூன்று நாள், 26 வாரம்: சரியாக 78. அவள் கணக்கில் இருந்தது 74. மாமனார் காரியத்துக்கு ஒரு வாரம் போயிருந்தாள், நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல். முழு நேரம் வருகிறவர்களுக்கு 78 ஒரு பொருட்டே இல்லை, மூன்றே மாதத்தில் தாண்டிவிடுவார்கள். அதனால் அந்த எண்ணை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. உதவித்தொகை சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவீதம், முதல் இரண்டு நாள் கழியும். 490 ரூபாய் வீதம் 19 நாளுக்கு 9,310 ரூபாய். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல், நாலு நாள் குறைந்ததால் போனது.

2026ஆம் வருடக் காலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை திங்கள்-புதன்-வெள்ளி 79 வருகிறது. செவ்வாய்-வியாழன்-சனி சரியாக 78. முதல் கூட்டத்தார் ஒரு நாள் லீவ் போடலாம். இரண்டாம் கூட்டத்தார் தலைவலி என்றுகூட வீட்டில் இருக்க முடியாது.

அப்படியானால் ஆறு நாளும் அரை நாள் வருவது மேலா? இந்த ஒரு கணக்கைப் பொறுத்தவரை மேல்தான். அரை நாள் வந்தாலும் சம்பளம் வாங்கிய நாள் ஒரு நாள்தான். ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் நாட்களை முழு எண்ணாகத்தான் போட முடியும். இதிலும் ஒரு கோளாறு நடக்கும். வருகைப் பதிவேடான மஸ்டரில் கட்டம் கட்டமாக ½, ½ என்று குறித்துவிட்டு, மாதக் கடைசியில் கூட்டி 13 என்று எழுதுகிற கிளார்க்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அது 26. ஆறு மாதம் அப்படியே எழுதினால், அந்தப் பெண் 150 நாளுக்கு மேல் வேலைக்கு வந்தும் ஏட்டில் 78-இல் நிற்பாள்.

மறுபக்கமும் உண்டு. சராசரி தினச் சம்பளம் என்பது மொத்தச் சம்பளத்தைச் சம்பளம் வாங்கிய நாட்களால் வகுத்து வருவது. அதே 9,100 ரூபாயை 13 நாளில் வாங்கினால் தினம் 700, உதவித்தொகை 490. 26 அரை நாளில் வாங்கினால் தினம் 350, உதவித்தொகை 245. மூன்று நாள்காரிக்குக் கிடைத்தால் இரட்டிப்பாகக் கிடைக்கும், 78-ஐத் தொடாவிட்டால் ஒன்றுமே இல்லை. ஆறு அரை நாள்காரிக்குப் பாதிதான், ஆனால் நிச்சயம். எதை எடுப்பது என்பது அவரவர் வீட்டைப் பொறுத்தது. அடிக்கடி லீவ் போட வேண்டிய வீடு என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பிரசவகால உதவிக்கு இந்தப் பயம் இல்லை. அடுத்தடுத்த இரண்டு அரையாண்டுகளில் சேர்த்து 70 நாள் போதும், மூன்று நாள் வேலையிலேயே அது தாராளமாக வந்துவிடும்.

இது ஏட்டுக் கணக்கு. கால்கடுக்க நிற்கிற கணக்கு வேறு.

கூடுவாஞ்சேரியிலிருந்து தி.நகருக்கு வேலைக்கு வருகிற ஒரு பெண்ணுக்குப் போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. ஆறு அரை நாள் என்றால் வாரம் 15 மணி நேரம் பயணம். 24 மணி நேர வேலைக்கு! மூன்று நாள் என்றால் ஏழரை மணி. (சீசன் டிக்கெட் மட்டும் இரண்டுக்கும் ஒரே காசு.) வீடும் வேலையும் ஒரே ஊரில் இருக்கிறவர்கள்தான் தினசரி அரை நாளை யோசிக்கவே வேண்டும்.

அரை நாளுக்கு இன்னொரு நோய் உண்டு: சொன்ன நேரத்துக்கு அது முடியவே முடியாது. ஒன்றரைக்குக் கிளம்ப வேண்டியவள் பையைத் தோளில் மாட்டியிருப்பாள். மதிய ஷிப்ட் பெண் இன்னும் வந்திருக்க மாட்டாள். கவுண்டரில் மூன்று பேர் நிற்பார்கள். “இந்த ஒரு பில்ல மட்டும் போட்டுட்டுப் போம்மா.” பை மறுபடி நாற்காலியில் தொங்கும். இரண்டு பத்துக்குத்தான் வெளியே வருவாள். தினம் 40 நிமிடம், மாதம் 26 நாள்: பதினேழு மணி நேரத்துக்கு மேல். இரண்டு முழு நாள் வேலை, சம்பளமில்லாமல். முழு நாள் வருகிறவளை இரவு கடை மூடுகிற நேரமே வெளியே அனுப்பிவிடும். நடுப்பகலில் கிளம்புகிறவளுக்கு அப்படி ஒரு ஷட்டர் கிடையாது.

கணக்கு எழுதுகிற வேலைக்குக் கிழமையே பொருந்தாது என்பேன். பிடித்த வருமான வரியை (டி.டி.எஸ்.) கட்ட 7ஆம் தேதி, ஜி.எஸ்.டி. விற்பனைக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்-1க்கு 11, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்ட 15, ஜி.எஸ்.டி. வரி கட்டும் படிவமான 3பி-க்கு 20. ‘திங்கள், புதன், வெள்ளி மட்டும்’ என்று எழுதி வாங்கிய அசிஸ்டென்ட்டுக்கு 20ஆம் தேதி செவ்வாயில் விழுந்தால், வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே போனில் பாஸ்வேர்டு சொல்வாள். அந்தப் போனுக்குச் சம்பளம் கிடையாது. இப்படி இரண்டு பேருக்கு மாதத்தின் 5 முதல் 20 வரை தினமும் முழு நாள், மற்ற நாள் வரவேண்டாம் என்று மாற்றிக் கொடுத்தேன். ஒருத்திக்கு நன்றாகப் போகிறது. இன்னொருத்தி நாலு மாதத்தில் விட்டுவிட்டாள். மாதத்தில் பாதி நாள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லையாம். கிரெச்சில் முழு மாதக் கட்டணம் கேட்டார்கள்.

விடுமுறை விஷயத்தை முதலாளிகள் கவனிப்பதே இல்லை. தமிழ்நாட்டில் 1958ஆம் வருடச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு ஐந்து பண்டிகை நாள், எல்லாம் சம்பளத்தோடு. 2026இல் ஜனவரி 26 திங்கள், மே 1 வெள்ளி, அக்டோபர் 2 வெள்ளி. திங்கள்-புதன்-வெள்ளிக்காரிக்கு மூன்றும் கிடைக்கும். செவ்வாய்-வியாழன்-சனிக்காரிக்கு ஆகஸ்ட் 15 மட்டும்தான் அவள் நாளில் வருகிறது. ஒரே கடை, ஒரே சம்பளம், கிழமை மட்டும் வேறு. அதனால் நான் போடும் வேலை உத்தரவுக் கடிதங்களில், கிழமை எதுவானாலும் வருடத்துக்குச் சம்பளத்தோடு இத்தனை விடுமுறை நாள் என்று எண்ணாலேயே எழுதிவிடுகிறேன். சம்பளம் கொடுத்த விடுமுறை நாள் அந்த 78-இலும் சேரும். கிளம்பும் நேரம், அதற்கு மேல் நின்றால் எவ்வளவு என்பதும் அதே தாளில் போகும். வாரம் மூன்று நாள்காரர்களுக்கு லீவ் போட்டால் வேறு கிழமையில் வந்து ஈடுகட்டலாம் என்று ஒரு வரியும் சேர்க்கிறேன்.

அந்த ஜவுளிக் கடைப் பெண் இன்னும் மூன்று நாள்தான் வருகிறாள். ஆறு அரை நாளுக்கு மாறுகிறாயா என்று கேட்டேன். “அதெல்லாம் வேணாம்க்கா, மீதி மூணு நாளும் எனக்கு வேணும்” என்றாள். பில் கவுண்டர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுக் காலண்டர் வைத்திருக்கிறாள். வந்த நாளையெல்லாம் பச்சைப் பேனாவால் வட்டமிடுகிறாள். செப்டம்பர் பிறந்ததும் எனக்குப் போன் வரும்: “அக்கா, அறுபத்தி நாலு ஆச்சு. ஒரு சனிக்கிழமை சேத்து வரட்டுமா?”